பழைய ஃபோர் வீல் டிரைவ்: எஸ்டிமேட்டைப் பார்ப்பதற்கு முன் அடியில் படுத்துப் பாருங்கள்

கேள்வி இது: "16 வருடம் ஓடிய டீசல் ஃபோர் வீல் டிரைவ், 2,40,000 கிலோமீட்டர். கிளட்ச், டர்போ, டிரான்ஸ்பர் கேஸ், முன் அச்சில் ஒரு ஜாயின்ட், 4 டயர் என்று ஒர்க்‌ஷாப்பில் ஒரு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். வண்டியை இன்றைக்கு விற்றால் கிடைக்கும் தொகையில் முக்கால்வாசி வருகிறது. வீட்டில் எல்லோரும் தள்ளிவிடு என்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. வைத்துக்கொள்ளலாமா, மாற்றிவிடலாமா?"

முதலில் அந்த முக்கால்வாசிக் கணக்கை ஓரமாக வையுங்கள். வண்டியின் விலை என்பது அடுத்தவர் அதற்குக் கொடுக்கத் தயாராக இருக்கும் தொகை. நீங்கள் விற்கப் போவதில்லை என்றால் அந்த எண்ணுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அடுத்த 3 வருடம் நம்பி ஏறக்கூடிய ஒரு வண்டி கையில் இருக்க, எந்த வழியில் குறைவாகச் செலவாகும்?

உங்கள் வண்டியின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். ரிப்பேருக்கு 75. அதே தரத்தில் புதிது வாங்க 800 ஆகிறது என்று வையுங்கள். முதல் வருடத்தில் அதன் மதிப்பு 15 சதவீதம் இறங்கினாலும் 120 போய்விட்டது, ஒரு போல்ட் கூட மாற்றாமல். கடன் வட்டியும் கூடிப்போன இன்சூரன்ஸும் தனி. சரி, 350 கொடுத்து ஓரளவு புதிய பழைய வண்டி வாங்கலாம் என்றால், அதன் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது, முந்தைய ஓனர் எத்தனை முறை ஆற்றில் இறக்கினார் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் வண்டியின் நோய்கள் உங்களுக்கு அத்துப்படி. அதற்கும் ஒரு விலை உண்டு.

அதனால் ரிப்பேர் செய்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. 75 செலவு செய்த பிறகு அடுத்த வருடம் இன்னொரு 75 வருமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைச் சொல்ல எஸ்டிமேட்டால் முடியாது, வண்டியின் அடிப்பாகம் சொல்லும்.

இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி சேசிஸ் உண்டு. இரண்டு நீளமான இரும்புச் சட்டம், நடுவில் ஏணிப் படிகள் மாதிரி குறுக்குச் சட்டங்கள். இன்ஜின் போனால் மாற்றலாம், கியர்பாக்ஸ் போனால் மாற்றலாம். சேசிஸ் போனால் வண்டி போனது, மற்றதெல்லாம் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் உதிரிபாகம்தான். அந்தச் சட்டங்கள் பெரும்பாலும் பெட்டி போல மூடியவை. ஓட்டைகள் வழியே சேறு உள்ளே போகும், தண்ணீர் வடியும் துளைகளை அடைக்கும், உள்ளேயே ஈரமாகக் கிடக்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியில் பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே பாதிக் கனம் தின்று தீர்த்திருக்கும். கடற்கரை மணலில் ஓடிய வண்டி, குளிர்காலத்தில் உப்புத் தூவும் சாலைகளில் ஓடிய வண்டி என்றால் இன்னும் வேகமாக.

பார்ப்பது சுலபம். சமமான தளத்திலோ பிட்டிலோ வண்டியை நிறுத்தி, ஒரு சின்னச் சுத்தியலும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு அடியில் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். பின் அச்சுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடம், பட்டை ஸ்பிரிங்கோ லிங்க் கம்பியோ சேசிஸில் மாட்டும் இடம், பாடி உட்காரும் ரப்பர்களைச் சுற்றி, பின் சக்கரத்துக்குப் பின்னால் சேறு அடிக்கும் இடம் ஆகியவற்றில் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு டிங்கென்று கேட்கும். கெட்டது டப்பென்று, ஈரப் பலகையைத் தட்டினாற்போல் கேட்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். நான் ஒருமுறை அப்படி அழுத்தியபோது பிடி வரைக்கும் உள்ளே போய், வெளியே எடுத்ததும் பழுப்பு மாவு என் முகத்தில் கொட்டியது. மேலே புதுசாகக் கறுப்புப் பூச்சு அடித்து விற்கப்பட்ட வண்டி அது. வாங்கி 4 மாதம்தான் ஆகியிருந்தது.

மேலோட்டமான செம்பழுப்புத் துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தேய்த்துப் பூசினால் போதும். ஏடு ஏடாக உரிந்து வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில் ஓட்டை என்றால், கெட்ட இரும்பை வெட்டி எடுத்துவிட்டு நல்ல தகடு வைத்து வெல்டிங் செய்யலாம். ஒட்டுக்கு மேல் ஒட்டு, அதுவும் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் என்றால் மேற்கொண்டு படிக்காமல் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்.

சேசிஸ் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எஸ்டிமேட்டுக்கு வருவோம்.

டயர் எந்த வண்டிக்கும் தேயும். பழைய வண்டியின் குற்றமாக அதை எழுதக் கூடாது. சொல்லப்போனால் குறைவாக ஓடும் ஃபோர் வீல் டிரைவில் டயர் தேய்வதற்கு முன் வயதாகிவிடும். பக்கச் சுவரில் 4 இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. 10 வருடம் தாண்டியிருந்தால் பட்டன், அதாவது தரையில் படும் பக்கத்தின் வரிகள், எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றுங்கள். முன் அச்சு ஜாயின்டும் தேயும் பொருள்தான். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடித்தால் கட்கட்கட் என்று சத்தம் வரும், அவ்வளவுதான். அதை மாற்றினால் அந்தக் கதை முடிந்தது.

கிளட்சும் அப்படியே. ஆனால் இங்கே ஒர்க்‌ஷாப்பில் ஒரு கேள்வி கேளுங்கள். கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இழுவிசையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் டிரான்ஸ்பர் கேஸ். பெரும்பாலான வண்டிகளில் அது கியர்பாக்ஸின் வாலில்தான் தொங்குகிறது, அதுவும் கூடவே இறங்கிவிடும். அப்படியானால் டிரான்ஸ்பர் கேஸுக்கு ஏன் தனியாக இறக்கி ஏற்றும் கூலி போட்டிருக்கிறது? வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்கள் என்றில்லை. கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மணி நேரம் இருக்கும், கூட்டிக் கொடுத்துவிடுவார்கள். கேட்டால் குறையும். கிளட்ச் கழன்றிருக்கும்போதே ரிலீஸ் பேரிங்கையும் இன்ஜினின் பின் ஆயில் சீலையும் மாற்றச் சொல்லுங்கள். பொருள் விலை கொஞ்சம்தான், மறுபடி இறக்கும் கூலிதான் பெரிது.

டிரான்ஸ்பர் கேஸை இப்போதைக்கு நம்பவே நம்பாதீர்கள். அதாவது, அது கெட்டுவிட்டது என்பதை. சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் பாருங்கள். 2 வீலிலும் 4 வீலிலும் ஒரே மாதிரி முனகினால் பேரிங்காக இருக்கலாம், ஆயில் குறைவாகவும் இருக்கலாம். செயின் வைத்த டிரான்ஸ்பர் கேஸாக இருந்து, 4 வீலில் மேடேறும்போது மட்டும் டம்டம் என்று குதித்தால் செயின் நீண்டுவிட்டது. லீவர் 4-இல் மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை என்றால் அநேகமாகக் கோளாறே இல்லை.

காரணம் இதுதான். தேவைப்படும்போது மட்டும் 4 வீலுக்கு மாற்றும் பார்ட் டைம் வகையில் 4-இல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் இறுக்கிக் கட்டியது போல ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட நீண்ட வட்டம் போடும். மண்ணிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது, முறுக்கு உள்ளேயே ஏறிக்கொண்டு லீவரைப் பிடித்துக்கொள்ளும். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்றிருந்தால் நேர் ரோட்டிலேயே இந்த முறுக்கு ஏறும். என் வண்டிக்கு ஒருமுறை டிரான்ஸ்பர் கேஸ் ஓவர்ஹால் என்று எழுதிக்கொடுத்தார்கள். 4 டயரும் ஒரே அளவுக்கு மாற்றினேன், சத்தம் போனது. அதன் பிறகு 5 வருடம் ஓடியது. உங்கள் எஸ்டிமேட்டிலும் 4 டயர் இருக்கிறது, அதை முதலில் போட்டுவிட்டுப் பிறகு பாருங்கள்.

இரண்டாவது சோதனை ஆயில். டிரான்ஸ்பர் கேஸ், முன் அச்சிலும் பின் அச்சிலும் சக்கரங்களுக்கு இழுவிசையைப் பிரிக்கும் இரண்டு டிஃபரன்ஷியல், மூன்றிலும் ஆயிலை வடித்துத் தனித்தனித் தட்டில் பிடியுங்கள். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் மை போலக் கறுப்பாகப் படிந்திருப்பது இயல்பு. துண்டு துண்டாக, பல் உடைந்தது போல வந்தால்தான் உள்ளே திறக்க வேண்டும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த ஆற்றுத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும், அந்த உறிஞ்சலில் சீல் வழியே தண்ணீர் உள்ளே போகும். இதைத் தடுக்கத்தான் மேலே ஒரு சின்ன பிரீதர், அதாவது காற்று போய்வரும் வழி, வைத்திருக்கிறார்கள். அது சேற்றில் அடைத்துக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. ஒரு குழாய் மாட்டி உயரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது.

என்னைக் கவலைப்பட வைப்பது டர்போதான், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் அந்த விசிறி. டர்போ தானாகச் சாகாது. ஒன்று, ஆயில் சரியாகப் போகாமல் செத்திருக்கும். அல்லது தூசி தின்று செத்திருக்கும். ஆயில் குழாய் கரி அடைத்திருந்தால், அதை மாற்றாமல் புது டர்போ போட்டால் அதுவும் சாகும். தூசி என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் டர்போவைத் தின்ற தூசி அடுத்துப் போன இடம் இன்ஜின் சிலிண்டர். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர்க் குழாயைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுத் துடையுங்கள். லேசான எண்ணெய்ப் பசை இருந்தால் பரவாயில்லை. மண் நிறத்தில் நறநறவென்று ஏதாவது வந்தால் அந்த இன்ஜினுக்கு ஆயுள் குறைந்துவிட்டது, அதன் மேல் டர்போ போடுவது தண்டம்.

அதோடு காலையில் முதல் ஸ்டார்ட்டைப் பாருங்கள், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது. நீலப் புகை ஆயில் எரிவது. கறுப்பு, டீசல் அதிகமாகப் போவது அல்லது காற்று போதாதது. குளிர் விட்ட பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, இனிப்பு வாசனையோடு வந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் மேல் ரேடியேட்டர் ஹோஸை ஸ்டார்ட் செய்வதற்கு முன் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மூடிக்கும் நடுவில் உள்ள அடைப்பு) மேல் சந்தேகம். ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் கொஞ்சம் புகை வரும், கெட்டில் போல விட்டு விட்டு ஊதினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதை விட, சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் பேசும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜின் என்றால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனையும் எடுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனிப் பாட்டிலில் பிடிப்பார்கள், எதில் அதிகம் நிரம்புகிறதோ அது போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு வண்டியை உண்மையில் சாகடிப்பது பல சமயம் இன்ஜின் அல்ல, ஒயரிங். இன்றைக்கு வரும், நாளைக்கு வராது என்கிற மாதிரிக் கோளாறுகள் இருக்கின்றனவா? எச்சரிக்கை விளக்கு தானாக எரிந்து தானாக அணைகிறதா? கம்பளத்தைத் தூக்கினால் ஈரமா? இதெல்லாம் இருந்தால் மெக்கானிக்கின் நேரத்துக்குத்தான் காசு கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். கூடவே உதிரிபாகக் கடையில் மூன்று பொருள்களை மட்டும் விசாரியுங்கள்: இன்ஜின் கம்ப்யூட்டர், டிரான்ஸ்பர் கேஸை மாற்றும் மோட்டார், மீட்டர் போர்டு. ஃபில்டரும் பிரேக் பேடும் எல்லா வண்டிக்கும் கிடைக்கும். இந்த மூன்றும்தான் முதலில் கிடைக்காமல் போகும். டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசை 1984-இல் வந்து இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. பழைய லேண்ட் ரோவர் டிஃபென்டர் 2016 ஜனவரியோடு நின்றாலும் பாகங்கள் தாராளமாக வருகின்றன. கொஞ்ச வருடம் மட்டும் விற்று மறைந்த மாடல் என்றால் நிலைமை வேறு.

இனி கொஞ்சம் சங்கடமான கேள்வி. 4 வீல் லீவரைக் கடைசியாக எப்போது தொட்டீர்கள்? வண்டியை மெதுவாக, அதிக இழுவிசையோடு நகர வைக்கும் லோ ரேஞ்சை? வருடத்துக்கு இரண்டு தடவை என்றால், ஒரு சாதாரணக் கார் வைத்துக்கொண்டு அந்த இரண்டு தடவையும் வாடகைக்கு எடுப்பதுதான் லாபம். அதைச் சொன்னால் எங்கள் ஃபோர் வீல் டிரைவ் கூட்டத்தில் யாருக்கும் பிடிக்காது. நிஜமாகவே உபயோகிக்கிறவர் என்றால், மாற்றாக எதை வாங்கப் போகிறீர்கள் என்பதைக் கவனமாகப் பாருங்கள். 4 சக்கரமும் இழுக்கும் என்று விற்கப்படும் பலவற்றில் லோ ரேஞ்சே கிடையாது. ஜீப் ரேங்ளரில் லோ ரேஞ்ச் வேகத்தை 2.72-இல் ஒரு பங்காகக் குறைக்கிறது, அதன் ரூபிகான் வகையில் 4-இல் ஒரு பங்காக. செங்குத்தான கல் பாதையில் பிரேக்கைத் தொடாமல் நடந்து இறங்குவது அதனால்தான். லோ ரேஞ்ச் இல்லாத வண்டியில் பிரேக்கும் கிளட்சும் அந்த வேலையைச் செய்து சூடேறும்.

புது டீசலிலும் ஒன்று உண்டு. புகைக்குழாயில் துகள் வடிகட்டி இருக்கும். அதில் சேரும் கரியை எரித்துத் தள்ள உள்ளே ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும், அதற்குக் கொஞ்ச நேரம் நிறுத்தாமல் ஓட வேண்டும். தினமும் 3 கிலோமீட்டர் போய் வருகிறவருக்கு அது அடைத்துக்கொண்டே இருக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் இந்தத் தலைவலி இருந்திருக்காது, அதனால் யாரும் யோசிப்பதில்லை.

மறுபக்கம், பாதுகாப்பில் பழையதுக்கு வக்காலத்து வாங்க எனக்கு வாய் வராது. உயரமான வண்டி, திடீரென்று ஒடித்தால் கவிழும். அந்த நேரத்தில் தனித்தனிச் சக்கரத்துக்கு பிரேக் கொடுத்து நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இந்த வகை வண்டிகளில் உயிர் காக்கும் பொருள். உங்களுடையதில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத வண்டியில் குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் தினமும் போகிறீர்கள் என்றால், ரிப்பேர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். இன்னொன்று, டகாட்டா என்ற கம்பெனி செய்த ஏர்பேக்குகளின் விவகாரம். வெப்பமும் ஈரப்பதமும் பல வருடம் பட்டு அந்த ஏர்பேக்கை ஊத வைக்கும் இன்ஃப்ளேட்டர்களில் உள்ள வெடிமருந்து கெட்டு, விரியும்போது இரும்புத் துண்டுகள் தெறித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். உங்கள் வண்டியின் வயதில் உள்ள பல மாடல்கள் திரும்ப அழைக்கப்பட்டன. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் கம்பெனி சொல்லிவிடும், இலவசமாகவே மாற்றுவார்கள். வைத்துக்கொண்டாலும் விற்றாலும் இந்த வாரமே செய்யுங்கள்.

வீட்டில் இது ஒன்றுதான் வண்டியா என்பதும் முக்கியம். இன்னொன்று இருந்தால் பழையது 10 நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் ஒன்றும் ஆகாது. இது ஒன்றுதான் என்றால் அந்த 10 நாளுக்கும் விலை போடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் செய்வது இது. முதலில் காசு அதிகம் செலவாகாத சோதனைகள்: சேசிஸ், ஏர் குழாய்க்குள் விரல், மூன்று ஆயில், கம்ப்ரஷன். ஒரு சனிக்கிழமையும் கொஞ்சம் கூலியும் போதும். சேசிஸும் சிலிண்டரும் தேறினால் 4 டயர், முன் ஜாயின்ட், கிளட்ச், காரணத்தோடு சேர்த்து டர்போ. டிரான்ஸ்பர் கேஸ் கிளட்ச் வேலைக்காக இறங்கும்போது ஷாஃப்டைக் கையால் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் மட்டும் திறக்கச் சொல்வேன். எஸ்டிமேட்டில் கணிசமான பகுதி அங்கேயே குறைந்துவிடும். டைமிங் பெல்ட் வைத்த இன்ஜின் என்றால் கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல் வருடத்தையும் பார்த்து மாற்றுவேன். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் இடித்து எல்லாம் போய்விடும்.

அப்புறம் ஒரு தாளில் இரண்டு வரி எழுதி கிளவ் பாக்ஸில் வைப்பேன். அடுத்த 12 மாதத்தில் இத்தனை நாளுக்கு மேல் நின்றால், அல்லது டயர், பிரேக், ஆயில் தவிர்த்து இத்தனைக்கு மேல் செலவானால் விற்றுவிடுவது என்று. இப்போதே எழுத வேண்டும், பில் கையில் இருக்கும்போது எழுதினால் எண் தானாகக் கூடிவிடும். நான் ஒருமுறை எழுதாமல் விட்டு, ஒரே வருடத்தில் மூன்று தடவை "இதுதான் கடைசி" என்று சொல்லியிருக்கிறேன். இன்னொரு வண்டியை மூன்றாவது தடவை நடுவழியில் நின்ற கோபத்தில் மறுநாளே விற்றேன். வாங்கியவர் ஒரு ரிலேயை மாற்றி இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

சேசிஸ் தேறவில்லை என்றால் ஒரு பைசா செலவு செய்யாதீர்கள். டர்போ போட்டுவிட்டு விற்றால் நல்ல விலை வரும் என்று தோன்றும். வராது. ரிப்பேருக்குப் போட்டதில் கொஞ்சம்தான் விலையில் திரும்பும். உள்ளது உள்ளபடி, துருப் பிடித்த இடத்தின் போட்டோவோடு, இந்த எஸ்டிமேட்டையும் சேர்த்துக் காட்டி விற்றுவிடுங்கள். அப்படி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்: அவர்களிடம் அதே மாடல் நல்ல சேசிஸோடு, செத்த கியர்பாக்ஸோடு நிற்கும். டிஃபரன்ஷியல் இரண்டும், ஆட்டமில்லாத டிரான்ஸ்பர் கேஸும், கதவுகளும் அவர்களுக்குத் தங்கம். வடித்த ஆயிலின் போட்டோவை எடுத்து வைத்திருந்தால் பேரம் பேசும்போது அதைக் காட்டுங்கள், டிஃபரன்ஷியலைத் திறந்து காட்டத் தேவையிருக்காது.